பாதித் தோள் நனைய

"இது மனுஷன் எழுதினதே இல்ல, மேடம். சத்தியமா மெஷின்தான்."

"மூணாவது பத்தியா? நல்லா யோசிச்சுச் சொல்லு, தாரணி."

"படிக்கிறேன், நீங்களே கேளுங்க. 'இக்குடை தரமான துணியால் ஆனது. இதன் கம்பிகள் உறுதியானவை. இது மழையிலிருந்து நம்மைக் காக்கிறது.' உயிர் இருக்கா இதுல? கல்யாண மண்டபத்துல மைக் டெஸ்டிங் பண்ற மாதிரி இருக்கு. பத்துக்கு ரெண்டு!"

போனை வைத்துவிட்டு டீயை எடுத்தாள் தாரணி.

"அந்த மெஷின் நான்தாங்க..." என்றது பக்கத்தில் ஒரு குரல்.

திரும்பினாள். நனைந்த சட்டையின் நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்களில் கோபம் இல்லை. அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி ஒரு திகைப்பு மட்டும்...

விவேக் நகரில், அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் பேக்கரி அது. வெளியே மழை. ஆன்லைன் கடைச் சாமான்களுக்குத் தமிழில் விவரம் எழுதுவது அவள் அலுவலகத்தின் வேலை. இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஏஐ டூலைச் சோதித்துப் பார்த்து, இன்று மாலைக்குள் முடிவு சொல்லும்படி பவுலின் மேடம் அவளிடம் கேட்டிருந்தார். குடையைப் பற்றி நான்கு பத்திகள். அவற்றில் மூன்று அந்த டூல் எழுதியவை. ஒன்று, காலியாக இருக்கும் வேலைக்கு மனுப் போட்டவர் எழுதியது. எது யாருடையது என்று சொல்லாமல் மேடம் கொடுத்திருந்தார். டூல் தேறிவிட்டால் அந்த வேலைக்கு ஆளே எடுக்கப் போவதில்லை.

"நீங்களா?"

"ஆராவமுதன். மேடம்தான் வரச் சொன்னாங்க. மழைன்னு இங்க ஒதுங்கினேன். ஒதுங்கியிருக்கக் கூடாது போல!"

தாரணிக்கு முகம் சுட்டது. அப்படியானால் அவள் ஒன்பது மார்க் போட்ட இரண்டாவது பத்தி? 'அம்மா முந்தானையால் தலை துவட்டிவிடுவது போல...' காலையில் அதைப் படித்தபோது வாணியம்பாடியில் இருக்கும் அம்மா ஞாபகம் வந்து கண் கலங்கியதே... அதுவா மெஷின்?

"ஸாரிங்க. மார்க்கை மாத்திடறேன்."

"வேணாம். என் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போட்டா அது மார்க் இல்ல, பரிதாபம்."

"ஓஹோ... ரோஷமா?"

"பின்ன? மைக் டெஸ்டிங்னு சொல்லிட்டீங்களே!"

சிரிப்பை அடக்க அவள் டீயில் முகத்தைப் புதைத்தாள். அவன் கடைக்காரரிடம் சரளமாகக் கன்னடத்தில் இன்னும் ஒரு டீ சொன்னான்.

"பேசறப்போ இவ்வளவு வாய்... எழுதறப்போ மட்டும் ஏன் அப்படி?"

"மல்லேஸ்வரத்துல நாலு தலைமுறையா இருக்கோம். வீட்ல தமிழ், ஸ்கூல்ல கன்னடம். தமிழ் எழுத்து காலேஜ் முடிச்சப்புறம் நானே கத்துண்டது. எங்க தப்பு வந்துடுமோன்னு பயம். சின்னச் சின்ன வாக்கியமா எழுதினா தப்பிச்சுக்கலாமே..."

"சரி, எழுத வேணாம். சொல்லுங்க. குடைன்னா என்ன?"

அவன் மழையைப் பார்த்தான்.

"குடைன்னா... ரெண்டு பேர் போகணும். ரெண்டு பேருக்கும் பாதித் தோள் நனையணும். ஒருத்தர் மட்டும் நனையாம வந்தா, அவர் சுயநலக்காரர்னு அர்த்தம்."

அவள் கையிலிருந்த டீ உதட்டருகே நின்றுவிட்டது. ஐயோ... இதை எழுதியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "அந்த டூல்கிட்ட குடைக்கு மட்டும்தானே கேட்டீங்க? எந்த டூல்னு மேடம் சொன்னாங்க. நானும் வீட்ல அதை வெச்சுப் பழகிப் பார்த்திருக்கேன். வேற சாமானுக்குக் கேளுங்களேன்."

போனிலேயே கேட்டாள். குக்கருக்கு: 'அம்மா முந்தானையால் முகம் துடைப்பது போல இதமான ஆவி...' போன் கவருக்கு: 'அம்மா முந்தானையில் முடிந்து வைப்பது போல...' தாரணி அவனைப் பார்த்தாள். அவன் புருவத்தை உயர்த்தினான். கடைசியாக எலிப்பொறி என்று அடித்தாள்.

'அம்மாவின் முந்தானை போல அன்போடு அரவணைக்கும் எலிப்பொறி.'

"எலி பாவங்க!" என்றான் அவன்.

பேக்கரியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரித்து முடித்தபோது கொஞ்சம் வலித்தது. காலையில் அவளைக் கலங்க வைத்த அதே வரியை எல்லாவற்றுக்கும் எழுதுகிறதே...

அங்கேயே நின்று முடிவை எழுதினாள். ஒன்பதை மாற்றவில்லை. அவனுக்குப் போட்ட இரண்டையும் மாற்றவில்லை. குக்கரையும் எலிப்பொறியையும் கீழே சேர்த்து, மனுப் போட்டவர் பேக்கரியில் இருக்கிறார் என்றும் எழுதி அனுப்பினாள். சற்று நேரத்தில் பவுலின் மேடம் கூப்பிட்டார்.

"எலிக்கும் அம்மாவா? இலவசமா இருந்தாலும் இந்த டூல் நமக்கு வேணாம்பா. ஆனா அதுக்காக ரெண்டு மார்க் வாங்கினவரை எடுத்துக்க முடியுமா? இன்னிக்கு மேல வர வேணாம், திங்கட்கிழமை இன்னொண்ணு எழுதிட்டு வரச் சொல்லு, பார்க்கலாம்."

அதைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "திரும்பவும் எழுதணுமா..."

மழை லேசாகியிருந்தது; அலுவலக நேரமும் முடிந்திருந்தது. அவனிடம் குடை இல்லை. அவளுடையதை விரித்து, பஸ் ஸ்டாப் வரை வரச் சொன்னாள். குடையை அவன் வாங்கிப் பிடித்துக்கொண்டான். பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தாள்... அவள் மேல் ஒரு துளி கூட விழவில்லை. அவனுடைய இடது பக்கம் முழுக்க ஈரம்.

"உங்க கணக்குப்படி பார்த்தா, நான்தான் சுயநலக்காரி!"

குடையை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவள் தோளில் மழை சில்லென்று விழுந்தது.

"நீங்க ரெண்டு மார்க்குன்னு சொன்னப்பவே கிளம்பிப் போயிருக்கணும்" என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடி. "போகத் தோணல. இப்பவும் தோணல... இதை எப்படி எழுதறதுன்னும் தெரியல."

தூரத்தில் அவளுடைய பஸ் திரும்பியது.

"மேடத்துக்குத் திங்கட்கிழமைதானே..." குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "அதுக்கு முன்னாடி எனக்குன்னு ஒண்ணு எழுதித் தர்றீங்களா? தப்போட...?"