தேயாத வண்டி

பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டிய, காரை அரிக்கும் உப்பு கழுவிப் போகும்வரை எங்கள் மிச்சிகன் பக்கத்தில் யாரும் நல்ல கார் வாங்க மாட்டார்கள். ஏப்ரல் மழை இரண்டு தடவை அடித்து ஓய்ந்ததும் ஐம்பதைத் தொட்ட ஆண்களுக்கு ஒருவித அரிப்பு தொடங்கும். அந்த வருடம் அது என் தங்கை மார்ஷாவின் கணவன் காரெட்டைப் பிடித்தது.

காரெட் பல்லுக்குக் கம்பி கட்டி நேராக்கும் மருத்துவன். ஊரில் பாதிப் பிள்ளைகளின் சிரிப்பு அவன் கைவண்ணம். மீதிப் பாதிக்கு வசதி போதாது. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடப்பவனுக்கு, சனி ஞாயிறில் காற்று வாங்க இரண்டே பேர் உட்காரும் வேகமான கார் ஒன்று வேண்டுமாம். பொம்மை என்றேன். முதலீடு என்று திருத்தினான்.

அவன் தினமும் செய்தித்தாளில் முதலில் படிப்பது மரண அறிவிப்புகளை. நல்ல கார்கள் அங்கிருந்துதான் வரும் என்பான். அவனுடைய கார்க் கூட்டாளிகள் எல்லோருமே அப்படித்தான். விதவை கண்ணைத் துடைத்து முடிக்கும் முன் தொலைபேசியில் அனுதாபம் தெரிவிப்பார்கள். மைலோ டைக்ஸ்ட்ராவின் படத்தை அப்படித்தான் கண்டுபிடித்தான். அறுபத்து மூன்று வயது, தலையில் ஒரு நரை இல்லை, பின்னால் சிவப்பாக ஒரு கார்.

நாங்கள் மூவரும் ஏரிக்கரைச் சாலையில் இருந்த டைக்ஸ்ட்ரா வீட்டுக்குப் போனோம். செங்கல் வீடு, வெட்டி ஒழுங்குபடுத்திய புல். கதவைத் திறந்த கிழவியால் நிமிர முடியவில்லை. நான்கு கால் பிடிமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காரெட் தன் தொழில்முறைச் சிரிப்பைக் கொஞ்சம் சோகமாக்கிக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பது பெரிய கொடுமை என்றான்.

"பிள்ளை இல்லப்பா," என்றாள் அவள். "மைலோ என் புருஷன்."

மார்ஷா காரெட்டின் விலாவில் இடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

கார் நின்ற கராஜில் பெப்பர்மின்ட் வாசனை அடித்தது. எங்கள் ஊர் தேவாலயத்தில் பிரசங்கம் நீளும்போது எல்லாப் பைகளிலிருந்தும் வெளிவருமே, அந்த வெள்ளை மிட்டாய். மைலோ அந்த மிட்டாயைத்தான் எப்போதும் வாயில் ஒதுக்கிக்கொண்டிருப்பாராம். இதே காரில், ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தபடி, மிட்டாய் தொண்டையில் சிக்கி இறந்துபோனார் என்று அந்தக் கிழவி, வெர்னா அம்மாள், சொன்னாள். காரெட் பல் மருத்துவனாகத் தலையை ஆட்டி, சர்க்கரை என்று மட்டும் சொன்னான்.

பிறகு காரின்மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினான். அப்புறம் அவன் யார் பேச்சையும் கேட்கவில்லை.

முப்பது வருடக் கார். இருக்கைத் தோலில் ஒரு சுருக்கம் இல்லை. கால் மிதியின் ரப்பர் வரிகள் அழியவில்லை. டயரில், கடையிலிருந்து வரும்போது நீட்டிக்கொண்டிருக்குமே பொடிப்பொடியாக ரப்பர் மயிர், அதுகூட அப்படியே இருந்தது. மீட்டரில் பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மைல்.

"ஓட்டவே இல்லையாம்மா அவர்?" என்று காரெட் கேட்டான்.

"ஓட்டாம என்ன? ஞாயித்துக்கிழமை தவறாது. ஆராதனை முடிஞ்சதும் ஏரியோரமா வடக்க போவோம். கடையில ஆப்பிள் பை சாப்பிட்டுட்டுத் திரும்புவோம். நான் பக்கத்துல. வருஷம் முப்பதாச்சு."

காரெட் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பாவம், வயது, மறதி என்பது அதன் பொருள். வெர்னா அவனைக் கவனிக்கவில்லை. மார்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ ஓட்டுவியா, பக்கத்துல உட்காருவியா என்று கேட்டாள். எனக்குக் கியர் மாற்ற வராது என்று மார்ஷா சிரித்தாள். கிழவி அவளுடைய கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்ல செருப்பு," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

காரெட் அந்தக் காரை வாங்கிவிட்டான். கோடை வந்தது. சனிக்கிழமை காலைகளில் மளிகைக் கடை வாசலில் கார்க்காரர்கள் கூடுவார்கள். மூடியைத் திறந்து வைத்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டு, ஒருவர் எஞ்சினை ஒருவர் மகப்பேறு வார்டில் பிள்ளை பார்ப்பதுபோல் எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் கௌரவத்துக்கு ஒரே அளவுகோல் மீட்டர். யார் கார் மிகக் குறைவாக ஓடியிருக்கிறதோ அவன் ராஜா. ஓட்டுவதற்காக வாங்கிய பொருளை ஓட்டாமல் வைத்திருப்பவனுக்கு மரியாதை செய்யும் கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அங்கேதான் ஜூன் மாதம் காரெட் அந்த ரகசியத்தைச் சொன்னான். தனியாகப் போனால் மீட்டர் ஏறுகிறது. மார்ஷா பக்கத்தில் உட்கார்ந்தால் ஏறுவதில்லை. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டான். ஒரு கோளாறும் இல்லை.

"எல்லாம் என் பொண்டாட்டி ராசி," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் அவளை வாடகைக்கு விடுவியா என்று கேட்டான்.

அதன்பின் ஒரு ஞாயிறும் அவள் இல்லாமல் அவன் போகவில்லை.

ஜூலையில் மார்ஷாவுக்கு முழங்கால் வலித்தது. பிறகு இடுப்பு. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். வகிட்டில் நரை ஒரு விரல் அகலத்துக்கு ஏறியது. என்னைவிட ஆறு வயது இளையவள். கடையில் அவளை என் அக்கா என்று நினைத்தார்கள். பரிசோதனை எல்லாம் செய்தார்கள். வயதுக்கேற்ற தேய்மானம் என்றார் மருத்துவர், அவளுடைய பிறந்த தேதியைப் பார்க்காமலே.

காரெட்டோ மினுமினுத்தான். காதோரம் இருந்த நரைகூடக் காணாமல் போயிருந்தது. காற்று வாங்குவதன் பலன் என்றான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவளால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. நான் வருகிறேன் என்று காரில் ஏறிக்கொண்டேன். அந்த வாரம்தான் வாங்கிய தடித்த பூட்ஸ் போட்டிருந்தேன்.

நல்ல வெயில். இடது பக்கம் ஏரி நீலமாக விரிந்து கிடந்தது. எதிரில் வந்த இதே ரகக் காருக்குக் காரெட் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தான். தன் கிளினிக்கின் புதிய நாற்காலிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.

பெப்பர்மின்ட் வாசனை வந்தது.

கூரை திறந்த கார். காற்று சட்டையைப் பிய்க்கிறது. வாசனை மட்டும் அசையாமல் நின்றது.

பிறகு அந்தச் சத்தம். கெட்டி மிட்டாயை நாக்கால் புரட்டும்போது பல்லில் தட்டுமே, அது.

டக்.

காரெட்டின் வாயைப் பார்த்தேன். வாயில் எதுவும் இல்லை. பேசிக்கொண்டிருந்தான். அவனுடைய வார்த்தைகளுக்கு நடுவில் அது தட்டியது.

அவன் பேச்சை நிறுத்தினான்.

அது நிறுத்தவில்லை.

அப்போது என் பாதங்களில் சாலை தெரிந்தது. தார்ச்சூடு, ஒவ்வொரு ஜல்லிக்கல், பாலத்தின் இரும்பு இணைப்பு, எல்லாமே உள்ளங்காலில் உரசின. கால்களைத் தூக்க முயன்றேன். அவை தரையோடு தரையாகக் கிடந்தன. கதவின் பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டேன். என் முழங்கால்கள் உட்கார்ந்த இடத்திலேயே மைல் கணக்கில் நடந்துகொண்டிருந்தன.

ஏரிக்கரையில் நிறுத்தினான். இறங்கினேன். மணல் நேராகக் காலில் பட்டது.

இரண்டு பூட்ஸிலும் அடிப்பாகம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

டயர்களைப் பார்த்தேன். ரப்பர் மயிர் அப்படியே இருந்தது.

காரெட் என் காலைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கும் ஏறல மச்சான்," என்றான், பரவசத்தோடு.

மறுநாள் நொண்டிக்கொண்டே வெர்னாவைப் பார்க்கப் போனேன். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது என்று அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றேன். சொன்னேனே, முப்பது வருடம் போனோம் என்று சொன்னேனே, நீங்கள்தான் கண்ணடித்துக்கொண்டீர்கள் என்றாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை.

"அவர் போனப்புறமும் ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா கராஜ்ல ஹார்ன் அடிச்சுது," என்று மெதுவாகச் சொன்னாள். "போகாம இருக்க முடியல. அது என் வீட்டை விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு. உன் தங்கச்சிகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு."

காரெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை விழுந்த பூட்ஸை மேசைமேல் வைத்தேன். மட்டமான தோல் என்றான். விற்றுவிடு என்று கெஞ்சினேன். இந்த மீட்டரோடு இன்னும் பத்து வருடம் வைத்திருந்தால் அதன் மதிப்பு என்ன தெரியுமா என்று கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. தன் மனைவி தேய்கிறாள் என்று நம்பினால் காரை விற்க வேண்டியிருக்கும், அதனால் நம்பவில்லை. அவ்வளவுதான்.

மார்ஷாவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கொஞ்சம் தேறினாள். அவன் தனியாக ஓட்டினான், மீட்டர் ஏறியது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவன் வருவதே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடியும் நேரம். என் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தது. மார்ஷா கைப்பையை எடுத்தாள். கதவை மறித்து நின்றேன்.

"போகாதே மார்ஷா. உனக்கே தெரியுது."

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, லென், அந்த வண்டியில போறப்பதான் அவன் என்கூடப் பேசறான்." அவள் என் கையை நகர்த்தினாள். பிடித்து நிறுத்தியிருப்பேன், முடியவில்லை. அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "கூப்பிட்டா காலு தானாப் போகுது. வீட்லயே இருந்தாலும் நடந்துக்கிட்டேதான் இருக்கு. அதுக்கு உட்கார்ந்துக்கிட்டாவது போறேன்."

காரெட் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்திருந்தான். அவன் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளிடம் மிட்டாயைத் தொடாதே என்று மிரட்டியவன்.

டக்.

மார்ஷா அவனோடே தங்கிவிட்டாள். அக்டோபர் முழுக்க நான் வேண்டிக்கொண்டது பனிக்காகத்தான். முதல் பனி விழுந்ததும் சாலையில் உப்பு இறங்கியது. உப்புச் சாலையில் தன் முதலீட்டை இறக்க எந்த முட்டாளும் துணியமாட்டான். காரெட் பெட்ரோலை நிரப்பி, பேட்டரியைக் கழற்றி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் தாங்கிகள்மேல் காரை ஏற்றி, துணி போட்டு மூடினான். கராஜில் நின்று அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். ஏப்ரல்வரை அவள் பிழைத்தாள் என்று அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

கிறிஸ்துமஸ் மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கார்க் கூட்டத்திலிருந்து ஒருவன் மனைவியோடு வந்திருந்தான். ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மார்ஷா உட்கார்ந்திருந்தாள். முதுகு முன்பக்கம் மடிந்திருந்தது. பக்கத்தில் நான்கு கால் பிடிமானம் ஒன்று நின்றது. வந்தவன் அவளைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, காரெட்டிடம் தாழ்ந்த குரலில், அம்மா உங்ககூடத்தான் இருக்காங்களா என்று கேட்டான்.

காரெட் திருத்தவில்லை.

என்னை ஓரமாக இழுத்துப் போனான். முகம் இருபது வயதுப் பையனுடையதுபோல் மின்னியது. பேசியபோது பெப்பர்மின்ட் அடித்தது.

"யார்கிட்டயும் சொல்லாதே மச்சான். காலைல துணியை விலக்கிப் பார்த்தேன். பதினோராயிரத்து நானூறு. வாங்கினப்ப இருந்ததைவிடக் கம்மி." என் தோளைப் பிடித்து அழுத்தினான். "இறங்குது."

நான் மார்ஷாவிடம் போய் மண்டியிட்டேன். நவம்பரிலிருந்து அவள் இந்த நாற்காலியைவிட்டு அதிகம் எழுவதில்லை என்று எனக்குத் தெரியும். அவள் காலில் நான் அன்று காலை பரிசாக அனுப்பியிருந்த புதிய கம்பளிச் செருப்பு. ஒன்றை மெதுவாகக் கழற்றினேன்.

அடிப்பாகம் முழுக்கத் தேய்ந்திருந்தது. நூல்களுக்கிடையில் ஈரமாக ஏரி மணல்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்னு ஆரம்பிச்சான், இப்ப தினமும்," என்றாள் மார்ஷா, என் காதருகில்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரெட் விருந்தாளிகளுக்கு ஆப்பிள் பை வெட்டிக்கொண்டிருந்தான். கராஜில் யாரும் இல்லை.

கராஜில் ஹார்ன் அடித்தது.

மார்ஷா கைப்பையைத் தேடினாள்.