பக்கத்து சீட்டின் பிரேக்

பஸ்ஸர் அலறியபோது மாஸ்டரின் இரண்டு கால்களும் சீட்டின் மேல் இருந்தன.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஐம்பது வயது மனிதர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டர் அதை மிதிப்பார். ஆனால் லைசென்ஸ் டெஸ்ட் அன்று மிதிக்கக் கூடாது. மிதித்தால் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பஸ்ஸர் கத்தும், பின்சீட்டில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் ஆபீசர் ஃபெயில் என்று எழுதிவிடுவார். போன வாரம் அப்படித்தான் எழுதினார். அதனால்தான் இந்த வாரம் இந்தக் கூத்து. யாருமே மிதிக்காதபோது அது கத்தினால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை.

"காலப் பாருங்க சார், காலப் பாருங்க!" என்று மாஸ்டர் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தேன் மாஸ்டர். ஒயர் கோளாறா இருக்கும். ஆனா பஸ்ஸர் அடிச்சா ஃபெயில்தான். நான் என்ன பண்றது?"

ஒயர் கோளாறு பஸ்ஸரை அடிக்கும், சரி. வண்டியை நிறுத்துமா? கேட்கத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்டால் மூன்றாவது டெஸ்டுக்கும் இதே ஆள்தான் வருவார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எதில் குறை வைத்தாள்? சீட்டை இழுத்துப் போட்டு, மூன்று கண்ணாடிகளையும் சரிபார்த்து, பெல்ட் மாட்டி, மற்றவர்கள் மாட்டினார்களா என்று கேட்டு, இண்டிகேட்டர் போட்டு, தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, ரயில் பாலத்தடியில் நுழையும்போது மறக்காமல் ஹெட்லைட்டும் போட்டாள். இத்தனையும் செய்து என்ன பிரயோசனம்? பாலத்தடி இருட்டுக்குள் வளைவு திரும்பியதும், யாரோ ஓங்கி மிதித்த மாதிரி வண்டி முகத்தைக் குத்திக்கொண்டு நின்றது. எஞ்சின் அணைந்தது. ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு பக்கத்து பெடல் தானாக மேலே எழும்ப, பஸ்ஸர் அடங்கி, சாவியைத் திருப்பியதும் வண்டி நல்ல பிள்ளையாகக் கிளம்பியது.

பத்து நாளாக இதே கதை. பயிற்சியின்போதும் அதே இடம், அதே ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு அறவே பிடிக்கவில்லை. ஏற்றிவிட்ட கண்ணாடிகளையும் மீறி, பல நாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததுபோல ஒரு வாடை உள்ளே வரும். மேலே ரயில் எதுவும் போகாத நேரத்திலும் கூரை லேசாக முனகும். எங்கிருந்தோ தண்ணீர் சொட்டும் சத்தம் சாலையின் இடது ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு சொட்டாக நெருங்கி, பானட்டுக்கு முன்னால் வந்து, அதே நிதானத்தில் வலது ஓரத்துக்குப் போய் நின்றுவிடும். ஹெட்லைட் வெளிச்சத்தில் தரை மட்டும் காய்ந்தே கிடக்கும்.

"யாருக்கோ வழி விடுற மாதிரில்ல நிக்குது!" என்று முதல் நாள் மாஸ்டர் சிரித்தார். அதன் பிறகு அந்த இடத்தில் அவர் சிரித்ததில்லை.

ஆபீசர் இறங்கிப் போனதும் அவள் வெடித்தாள். "வேற வண்டி குடுங்க மாஸ்டர்."

"இருக்கறதே இது ஒண்ணுதாம்மா. எங்கண்ணன் விட்டுட்டுப் போனது."

"அப்ப வேற ரோட்டுல போவோம்."

"டெஸ்ட் ரூட்டு நம்ம கையிலயா இருக்கு? மெயின் ரோட்டத் தோண்டிப் போட்டுட்டாங்க, அதான் இந்தப் பாலத்தடி." மாஸ்டர் செருப்பைக் காலால் துழாவினார். "அண்ணன் இருந்தவரைக்கும் வண்டிய இந்தப் பக்கம் விட்டதே இல்ல. ரெண்டு கிலோமீட்டர் சுத்திப் போவாரு. ஏன்னு கேட்டா, அந்தக் கத்து கத்துவாரு."

மாஸ்டரின் மற்ற மூன்று மாணவர்களும் வேறு டிரைவிங் ஸ்கூலுக்கு ஓடிவிட்டார்கள். அவளுக்கு ஓடவும் நேரமில்லை. அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனிக்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. காரும் கம்பெனியே கொடுக்கும், வேலையும் பகலில் மட்டும். வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். இப்போது இருப்பது ஆஸ்பத்திரியில் நிரந்தர நைட் டியூட்டி. ஏழு வயது மகள் இரண்டு வருடமாகப் பக்கத்து வீட்டு அக்காவின் கட்டிலில் தூங்குகிறாள். போன மாதம் தூக்கக் கலக்கத்தில் அந்த அக்காவை "அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறாள். அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவளுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார்கள். அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு வெகுநேரம் கிடந்தார்.

"ஒயர் நல்லாருக்கு. பெடல பிரேக்கோட இணைக்கற ராடும் நல்லாருக்கு," என்றார் வெளியே வந்து. "ஆனா இந்தப் பெடல் ரப்பரப் பாருங்க. ஒரு ஓரம் மட்டும் மொழுக்குன்னு தேஞ்சிருக்கு. யாரு இப்படிக் கோணலா மிதிக்கறது?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவில்லை. "அண்ணனுக்கு ஒரு கால் இழுக்கும். பாதத்தோட ஓரத்தாலதான் மிதிப்பாரு."

"அவரு போயி எட்டு மாசமாச்சே! போன மாசம்தான நான் புது ரப்பர் போட்டேன்?"

மாஸ்டர் தேய்ந்த ஓரத்தை விரலால் தடவினார். பின்பக்கம் ஏதோ ஒரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முதுகு சில்லிட்டது உண்மை. ஆனால் பயப்படவும் ஒரு நேரம் காலம் வேண்டாமா? நாளை மறுநாள் என்றால் உட்கார்ந்து பயந்திருப்பாள்.

"ரப்பர் கதைய அப்புறம் பேசிக்கலாம். கழட்டிருங்க," என்றாள்.

"எத?"

"எல்லாத்தையும். ராடு, ஒயரு, எல்லாத்தையும். அந்தப் பெடல் சும்மா பேருக்குத் தொங்கட்டும்."

"ரெண்டாவது பிரேக் இல்லாம இந்த வண்டிய எடுக்கக் கூடாதும்மா," என்றார் மாஸ்டர். "அது எதுக்கு இருக்கு? ஓட்டுறவங்க கண்ணுக்குத் தெரியாதது பக்கத்துல இருக்கறவன் கண்ணுக்குத் தெரியும். அதுக்குத்தான்."

"ஒரே ஒரு நாள் மாஸ்டர்! என் புள்ள என்னைவிட்டுப் போயிட்டிருக்கா. புரியுதா உங்களுக்கு?"

மெக்கானிக் ராடையும் ஒயரையும் ஒரு பழைய துணியில் சுற்றி மாஸ்டர் கையில் கொடுத்தார். பெடல் மட்டும் விழப்போகும் பல் மாதிரி ஆடிக்கொண்டு தொங்கியது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆபீசர் பின்சீட்டின் நடுவில் வசதியாகக் கால் பரப்பி உட்கார்ந்தார். மாஸ்டர் இந்த முறையும் சம்மணம். அவள் சீட்டு, கண்ணாடி, பெல்ட் எல்லாம் பார்த்துக் கிளம்பினாள். சந்திப்பில் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினாள், சைக்கிள்காரருக்கு இடம் விட்டு முந்தினாள், ஒரு தடவைகூட வண்டி உதறவில்லை. பேனா தாளில் ஓடும் சத்தம் பின்னாலிருந்து சீராக வந்தது. அது கேட்க அவளுக்கு இதமாகவே இருந்தது.

பாலத்தடி வந்தது. ஹெட்லைட் போட்டாள். வெளிச்சம் சுவர்களில் வழுக்கிக்கொண்டே போனது, எஞ்சின் சத்தம் இரண்டாகிக் காதுக்கே திரும்பி வந்தது, தொட்டி வாடை அடித்தது. வளைவு. திரும்பினாள்.

டொக்.

கண்ணின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. மாஸ்டரின் மடக்கிய கால்களுக்குக் கீழே, அந்தப் பெடல் தரையைத் தொட்டிருந்தது. தேய்ந்த ஓரம் முதலில். கோணலாக.

வண்டி நிற்கவில்லை.

பெடல் எழும்பியது. டொக். மறுபடி எழும்பியது. டொக், டொக், டொக். மாஸ்டரும் பார்த்துவிட்டார். டெஸ்டில் அவர் ஒரு வார்த்தை பேசினாலும் ஃபெயில். அவர் விரல்கள் முழங்காலைப் பிறாண்டின, உதடு மட்டும் அசைந்தது. அண்ணே, என்றுதான் அசைந்த மாதிரி இருந்தது.

அவள் கால் பிரேக்குக்கு மேல் வந்து நின்றது. அவளுடைய பிரேக். வேலை செய்யும் பிரேக்.

எதிரே சாலை காலி. ஒரு நாய்கூட இல்லை. காலி சாலையில் காரணமில்லாமல் நிறுத்தினால் ஃபெயில். அக்காவின் கட்டில். அம்மா என்று அக்காவைக் கூப்பிடும் குரல்.

மிதிக்கவில்லை.

இடது ஓரத்தில் ஒரு சொட்டு. இன்னும் கிட்டத்தில் ஒரு சொட்டு. பானட்டுக்கு நேர் முன்னால் ஒன்று.

அடுத்த சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது.

கண்ணாடிகள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன. பெடல் அடிப்பது நின்றது. கைவிட்டவர் காலை எடுப்பதுபோல மெதுவாக மேலே வந்தது. பாலத்தடி முடிந்து வெளிச்சம் முகத்தில் அடித்தது.

அதன் பிறகு வண்டி கனத்தது. மேடு ஏறுவதற்கு வழக்கத்தைவிட அழுத்த வேண்டியிருந்தது. ஆபீசர் எப்போது நடுவிலிருந்து ஜன்னலோரம் நகர்ந்தார் என்று தெரியவில்லை. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் வாசலில் அவள் வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக் இழுத்ததும், "பாஸ்," என்றார்.

"சார்!"

"நல்லாத்தான் ஓட்டுறீங்க. ஆனா பாலத்துக்கு அப்புறம் ஒரு தடவகூட நீங்க பின்கண்ணாடியப் பாக்கல. அது தப்பு. பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சு ஓட்டணும்."

அவர் இறங்கினார். இறங்கியவர் கதவை மூடவில்லை. அடுத்து ஒருவர் இறங்குவதற்காகப் பிடித்துக்கொண்டிருப்பதுபோலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாத முகத்தோடு மூடினார். அவர் சட்டையின் ஒரு கை முழுக்க நனைந்திருந்தது.

தற்காலிக லைசென்ஸில் முத்திரை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது மணி மூன்றரை. மாஸ்டர் காருக்குள் போகாமல் வெளியிலேயே நின்றார்.

"முதல்ல மெக்கானிக்கிட்ட போவோம்மா. ராட மாட்டிட்டு மத்தத பாத்துக்கலாம்."

"ஸ்கூல் விட்டுரும் மாஸ்டர். அவளக் கூட்டிட்டு, லைசென்ஸக் காட்டிட்டு, அப்படியே மெக்கானிக்கிட்ட போயிரலாம்."

"சொன்னாக் கேளும்மா. புள்ளைய இந்த வண்டியில ஏத்த வேணாம்."

"ரெண்டு வாரமா எல்லாரும் சொல்றதத்தானே கேட்டுட்டிருக்கேன்! ஒரு நாளாவது அவ அம்மா கார் ஓட்டிட்டு வர்றத அவ பாக்கட்டும். உங்களுக்கு பயமா இருந்தா நடந்து வாங்க."

மாஸ்டர் ஏறிக்கொண்டார். ஏறியதும் தானாகவே கால்களை மேலே தூக்கி மடக்கிக்கொண்டார். வாடை போகவில்லை, கண்ணாடியை இறக்கியும் போகவில்லை. அவள் பின்கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம் ரோட்டில் ஏதோ ஒன்று முக்கியமாக இருந்தது.

பள்ளி வாசலில் ஓரம் கட்டினாள். ஹசார்டு விளக்கு போட்டாள். ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்தாள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து மகள் அவளைப் பார்த்துவிட்டு, பை முதுகில் குதிக்க ஓடி வந்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தானே இத்தனையும். வண்டிக்குப் பின்னால் ஓடி, பின் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தவள் நின்றுவிட்டாள்.

"அம்மா, இவங்களக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லும்மா."

மாஸ்டரின் மூச்சு நின்றது கேட்டது.

டொக்.

ஏறாதே என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

டொக். டொக்.

"பரவால்ல, நகந்துட்டாங்க," என்று மகள் ஏறி உட்கார்ந்தாள். கதவு மூடியது. நான்கு கதவுகளின் பூட்டுகளும் ஒன்றாக விழுந்தன. அவள் பொத்தானைத் தொடவில்லை. இறங்கியிருந்த கண்ணாடிகள் சத்தமில்லாமல் மேலே ஏறின. அதையும் அவள் தொடவில்லை.

இப்போது பின்கண்ணாடியைப் பார்த்தாள்.

மகள் ஓரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சீட்டு காலி. ஈரமாக, ஆழமாக அமுங்கிய சீட்டு. மகளின் தோளுக்கு மேலிருந்து பெல்ட் மெதுவாக நீண்டது. பதமாக, அவசரமில்லாமல், மார்பைச் சுற்றி வந்தது. க்ளிக்.

மகள் நிமிர்ந்து, கூரையை ஒட்டி ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"தேங்க்ஸ்," என்றாள்.

மாஸ்டர் கதவுப் பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவர் கால்களுக்குக் கீழே, எதனோடும் இணைக்கப்படாத பெடல் தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது. இந்த முறை எழும்பவில்லை. முழுப் பலத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அவள் இழுத்து வைத்திருந்த ஹேண்ட்பிரேக்கின் பொத்தான், மெல்ல, உள்ளே அமுங்கியது.