அரைக் கட்டை ஏறிய கிடார்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. திரைக்குப் பின்னாலிருந்து இரண்டாவது கிடார் ஒலிக்கத் தொடங்கிய அரை நிமிஷத்தில், அது செத்துப்போயிருக்கிறது என்று மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஸ்தனிஸ்லாசுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் தப்பாக.

பக்கத்தில் இருந்த மனைவி டோரதி அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முணுமுணுத்தாள். டோரதி கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மிளகுப்பால் போட்டுக் குடித்துவிட்டு, தொண்டையைக் கிழிக்கிறது என்று கோயில் ஆர்மோனியத்தைத் திட்டுவாள். அதே பாட்டை மண்டபத்துப் பியானோவோடு பாடினால் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. இன்ஸ்பெக்டருக்கோ இரண்டும் ஒரே சத்தம்.

இது 1966 ஐப்பசியில் நடந்தது. திருச்சி பாலக்கரை தாண்டி ஒரு சின்னப் பங்குக் கோயில், அதை ஒட்டி ஒரு மண்டபம். கோயிலின் பெயரைச் சொல்லமாட்டேன். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் பலர் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார்கள்.

போட்டி இதுதான். பாடகர் குழுவுக்கு என்று பாட்டு மாஸ்டர் இன்னாசிராஜ் மெட்ராஸ் வரை போய் ஒரு சீமைக் கிடார் கொண்டுவந்திருந்தார். நம் ஊர் மரத்தில் கிடார் செய்தால் அது பெட்டி மாதிரிதான் சத்தம் போடும் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். பொன்மலை ரயில்வே பட்டறை வேலையை விட்டுவிட்டுக் கிடார் கடை வைத்திருந்த தைரியராஜுக்கும் காஜா மைதீனுக்கும் அது பொறுக்கவில்லை. தாங்கள் செய்ததையும் சீமைக் கிடாரையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். ஒரே கை, ஒரே பாட்டு; வாசிப்பது தைரியராஜ். எது எது என்று தெரியாமல் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல, ஸ்ரீரங்கத்திலிருந்து வீணை வித்வான் ஆராவமுதாச்சாரியார் வந்திருந்தார்.

அந்தக் கிடாருக்காக இருவரும் ஒரு வருஷம் பாடுபட்டிருந்தார்கள். உள்ளே மேல்பலகையைத் தாங்கும் சட்டங்களை இழைத்து இழைத்து மெலிதாக்கினார்கள். வீணைக்கு இருப்பதுபோலக் கிடாருக்கும் குதிரை உண்டு. அதன் தலையில் கம்பிகள் ஏறி உட்காரும் இடத்தில் இருந்த மரத்துண்டை எடுத்துவிட்டு, காஜா மைதீன் மாட்டெலும்பை வேகவைத்து, சுண்ணாம்பில் போட்டு வெளுத்து, அறுத்து வைத்தார். அன்றைக்குத்தான் கிடாருக்குக் குரல் வந்தது என்று தைரியராஜ் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. வித்வான் சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்தார். "முதல்ல வாசிச்சது நன்னா இருந்தது. ரெண்டாவதுக்கு ஜலதோஷம் பிடிச்சாப்போல இருக்கு. அடியேன் காதுக்கு அப்படித்தான் பட்டது."

திரை விலகியது. ஜலதோஷம் பிடித்தது பாலக்கரைக் கிடார்.

தைரியராஜ் மேடையிலேயே உட்கார்ந்து கம்பிகளைத் தளர்த்தி எலும்புத் துண்டை நெம்பி எடுத்தான். அதன் அடியில், எலும்பின் நீளத்துக்கே வெட்டிய ஒரு சிவப்புக் கம்பளித் துணி இருந்தது. கம்பியின் அதிர்வு மரத்துக்குப் போகாமல் அது அமுக்கிவிட்டிருக்கிறது.

ஆர்மோனியத்துக்குள் கட்டைகளுக்கு அடியில் ஒட்டும் துணி அது. ஊரில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறவர் காஜா மைதீன் ஒருவர்தான். கிடார்கள் இருந்த பின்னறையைப் பூட்டிச் சாவியை வைத்திருந்தவரும் அவரே. சின்னக்கடைத் தெரு வாத்திய வியாபாரி ஒருவர் தன் கடையில் சேரச்சொல்லி அவரைத் தனியாக அழைத்துப் பேசிய செய்தி போன வாரமே ஊருக்குத் தெரியும். இதற்குமேல் என்ன வேண்டும்? மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

தைரியராஜும் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, நாளைலேர்ந்து நாம ஒரே கடையில இருக்க முடியாது."

காஜா மைதீன் நாற்பத்தைந்து வயது மனிதர். இந்தத் தம்பியின் வார்த்தையை நம்பி, மனைவி ஷரீபா தயங்கியும், ரயில்வே உத்தியோகத்தை உதறியவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

வாசலில் ஸ்தனிஸ்லாஸ் நின்றிருந்தார். எப்போது எழுந்து போனார் என்று டோரதிக்கே தெரியாது.

"பாய், உக்காருங்க. ஆச்சாரியார் சுவாமியும் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு அவசரப்பட வேண்டாம். இது முடியிற வரைக்கும் யாரும் போகப்போறதில்லை."

சட்டத்தில் இதற்குப் பிரிவு உண்டா என்று யாராவது கேட்டிருந்தால் அவர் விழித்திருப்பார். ஆனால் ஒரு மனிதனின் பேர் கெட்டுப்போகும்போது பிரிவு தேடிக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

முதலில் தைரியராஜ். மத்தியானம் கிடார் எப்படி இருந்தது என்று கேட்டார். பன்னிரண்டு மணிக்கு இரண்டு கிடாரையும் பியானோவுக்குச் சேர்த்து வாசித்துப் பார்த்ததாகவும், தங்கள் கிடார் கணீரென்று பேசியதாகவும் சொன்னான். இன்னாசிராஜ் மாஸ்டரும் கூடவே நின்று கேட்டாராம். பிறகு அவன் சாப்பிடப் போனான். காஜா மைதீன் அறையைப் பூட்டிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து இருவரும் சேர்ந்தே கதவைத் திறந்தார்கள்.

"மேடைக்கு வந்ததும், திரை போடறதுக்கு முன்னாடி, பியானோவைத் தட்டிப் பாத்து முறுக்காணியைத் திருகினியே, அது ரெண்டு கிடாருக்குமா?"

"சீமைக் கிடார் சரியா இருந்துச்சு சார். எங்களுதுதான் ஆறு கம்பியும் சுருதி அரைக் கட்டை ஏறி நின்னுச்சு. எறக்கினேன். சத்தமும் மங்கியிருந்துச்சு, மழை ஈரத்துக்கு மரம் உப்பியிருக்கும்னு நெனச்சேன்."

"ஆறும் ஒரே அளவா?"

"ஒரே அளவுதான்."

அவன் மேடையில் அப்படித் திருகிக்கொண்டிருந்தபோதுதான் முன்வரிசையிலிருந்து மாஸ்டர் ஒரு கேலி பேசினார், எல்லாரும் சிரித்தார்கள். கிடார் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் பியானோதான் வழக்கம்போல இறங்கியிருக்கிறது என்றார். மாஸ்டர் பல வருஷமாகச் சொல்லிவரும் பேச்சு அது.

அடுத்து காஜா மைதீன். பள்ளிவாசலில் தொழுதேன், பார்த்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள் என்றார். வழியில் எங்கேயாவது நின்றீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, மழையில் எங்கே நிற்பது என்று திருப்பிக் கேட்டார். அதற்குமேல் பேச அவருக்கு விருப்பமில்லை.

இன்னாசிராஜ் மாஸ்டர் தாமாகவே முன்வந்தார். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளை ஜிப்பா, ஊரே மதிக்கும் காது. பின்னறைக்கு இன்னொரு சாவி உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இருக்கு. கோயில்ல பாடகர் குழு நிக்கிற மாடத்துல, ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல தொங்குது. ஆனா அதை எவனும் எடுத்திருக்க முடியாது. மாடம் எப்பவும் பூட்டுதான், அந்தச் சாவி என் இடுப்புலதான் இருக்கும். இன்னிக்கு மத்தியானம் முழுக்க நானே அங்க உக்காந்து பயிற்சி பண்ணிக்கிட்டு இருந்தேன்."

கோயிலைக் கூட்டுகிற வீரம்மாளும் அதையே சொன்னாள். மழைக்குக் கோயில் முகப்பில் ஒதுங்கியிருந்தாளாம். மண்டபத்துப் பக்கம் வெளியாள் யாரையும் காணவில்லை, மாடத்தில் மாஸ்டரின் ஆர்மோனியச் சத்தம் மட்டும் கேட்டதாம்.

"என்ன பாட்டு வாசிச்சாரு?"

"பாட்டெல்லாம் இல்லீங்க. ஒரு கட்டையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருப்பாரு. அப்புறம் இன்னொண்ணு."

ஸ்தனிஸ்லாஸ் மனைவியிடம் போய்க் குனிந்து ஏதோ கேட்டார். டோரதி கொஞ்சம் யோசித்து, ஆமாம், சரியாக அரைக் கட்டைதான் என்றாள். அவர் நிமிர்ந்தார்.

"எல்லாரும் மாடத்துக்குப் போகலாம். பாய், உங்க திருப்புளியை எடுத்துக்கிட்டு வாங்க."

மாஸ்டரின் முகம் மாறியது. அந்த ஆர்மோனியத்தில் எவன் கையும் படக்கூடாது என்றார். சுருதி ஏறியிருக்கிறது, சரிசெய்து தருகிறேன் என்று காஜா மைதீன் பல தடவை கேட்டும் அவர் இதுவரை தொடவிட்டதில்லை. இன்றைக்குத் தொடவேண்டியிருக்கிறது மாஸ்டர் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். இடுப்புச் சாவி அந்தக் கைக்கு வந்தது.

மாடத்தில் எட்டுப் பேர் நிற்கத்தான் இடம். மற்றவர்கள் படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். காஜா மைதீன் ஆர்மோனியத்தின் மேல்பலகையைக் கழற்றினார். உள்ளே ஓரத்தில் கட்டைகளுக்கு அடியில் ஓடிய சிவப்புத் துணியில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. துணி இருந்த இடத்தில் மரம் புதுசாகப் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் வருஷக்கணக்கான தூசி. தைரியராஜ் கையிலிருந்த கம்பளித் துணியை அந்த இடத்தில் வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது.

ஸ்தனிஸ்லாஸ் பேசினார்.

"எனக்குக் காது கிடையாது, என் சம்சாரம் சொல்லுவா. நல்ல சத்தம், செத்த சத்தம் ஒண்ணும் தெரியாது. அதனால தைரியராஜ் என்ன திருகுறான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மழை ஈரம்னா பக்கத்துல இருந்த சீமைக் கிடாருக்கும்தான் ஈரம். அது ஏன் அசையலை? இதுல மட்டும் ஆறு கம்பியும் ஒரே அளவு ஏறுதுன்னா, யாரோ கம்பியை எல்லாம் தளத்திட்டு மறுபடி புதுசா சுருதி கூட்டியிருக்கான். துணியைச் சொருகணும்னா தளத்தித்தானே ஆகணும்?"

காஜா மைதீன் நிமிர்ந்து பார்த்தார்.

"பாய் அந்த அறையில வச்சு இதைச் செஞ்சிருந்தா, பக்கத்துலயே சீமைக் கிடார் சரியான சுருதியில கெடந்துச்சு. அதைத் தட்டிப் பாத்துச் சேத்திருப்பாரு, வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. கிடார் வெளியே போயிருக்கு. அரைக் கட்டை ஏறின ஏதோ ஒண்ணுகிட்ட உக்காந்து சுருதி கூட்டியிருக்காங்க. ஊர்ல அப்படி ஏறி நிக்கிறது இந்த ஆர்மோனியம் ஒண்ணுதான். இங்க வர்ற சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு. பாட்டு இல்லாம ஒவ்வொரு கட்டையா அமுக்கினவரும் அவருதான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மாஸ்டர் அதைவிட மோசமாகத் தன் காதால் கெட்டார். இத்தனை சங்கீதம் தெரிந்தவருக்குத் தன் ஆர்மோனியம் ஏறியிருப்பது தெரியாதா என்று படியிலிருந்து யாரோ கேட்டார்கள். தெரியாது. முப்பது வருஷமாக அது சரி, ஊர்தான் இறங்கியிருக்கிறது என்று சாதித்துச் சாதித்து, கடைசியில் அவர் காதும் அதையே நம்பிவிட்டது. அதனால்தான் மேடையில் கிடார் ஏறி நின்றபோது, கிடார் சரி, பியானோ தப்பு என்று அவராகவே சொன்னார்.

இன்னாசிராஜ் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். மறுக்கவில்லை.

"மத்தியானம் அதைக் கேட்டதும் பயந்துட்டேன். நான் கொண்டுவந்ததை விட நல்லா இருந்துச்சு. நாளைக்கு என் காதை எவன் மதிப்பான்னு நெனச்சேன்." பிறகு காஜா மைதீன் பக்கம் திரும்பி, "பழி உங்க மேல விழும்னு நெனச்சுச் செய்யலை" என்றார். ஆனால் விழுந்தபோது அவர் வாயைத் திறக்கவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பினார்கள். துணியில்லாமல் எலும்புத் துண்டு மறுபடி குதிரைமேல் ஏறியது. கிடாரைப் பியானோவுக்குச் சேர்த்தபின் வித்வான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். தைரியராஜ் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான். கடைசியில் வித்வான், இப்போது வாசிக்கிறது இருக்கே, இதுதான், இதற்குத்தான் உள்ளே உயிர் இருக்கிறது என்றார். அது பாலக்கரைக் கிடார்.

கைதட்டல் அடங்க நேரமானது. டோரதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்தனிஸ்லாசும் கைதட்டினார், மற்றவர்கள் தட்டுகிறார்களே என்று.

தைரியராஜ் மேடையிலிருந்து இறங்கிக் காஜா மைதீன் முன்னால் வந்து நின்றான். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். காலைத் தொடக் குனிந்தவனை அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்க வேணாம். இவங்க யாரும் என்னை நம்பணும்னு நான் கேக்கலை. நான் வேலையை விட்டப்ப ஷரீபா பயந்துச்சு. தைரியம் என்னைக்கும் என்னைக் கைவிட மாட்டான்னு சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். ஷரீபா முன்னால வந்து, உன் புருஷனைத் துரோகின்னு நெனச்சேன்னு உன் வாயால சொல்லு. அதுக்கப்புறம் கடையைத் திறக்கலாமா வேணாமான்னு அது சொல்லட்டும்."

அவர் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். தைரியராஜ் கிடாரை மேடையிலேயே விட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டு, அவர் பின்னால் நடந்தான். முச்சந்தி வரை போனதும் காஜா மைதீன் நின்றார். திரும்பிப் பார்க்காமல் குடையை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தார்.