முருங்கைக் கிளை வழக்கு

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குமிழ் நகரில் காலையில் யாரும் நடப்பதில்லை, கால்கள்தாம் நடக்கும். மூளையில் பதித்த நடைச்சில்லிடம் கால்களை ஒப்படைத்துவிட்டு, வேலைக்குப் போய்ச் சேரும்வரை எல்லோரும் கண்ணுக்குள் தொடர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கவனம் என்ற தொல்லையிலிருந்து மனித குலம் ஒருவழியாக விடுபட்டிருந்தது.

அப்படித் தொடர் பார்த்தபடி போனபோதுதான் வெல்டர் மரகதவல்லி குழாய்க் குழிக்குள் விழுந்து, வலது காலைத் தொடையோடு நொறுக்கிக்கொண்டாள். குழி தோண்டியது நகராட்சியின் தோண்டன் என்ற இயந்திரம். முழு உலோகக் கால் கிடைக்காவிட்டால் அவள் இனி எழுந்து நிற்கப்போவதில்லை. வழக்குப் போட்டாள்.

"குழியைத் திறந்து போட்டுட்டு ஒரு எச்சரிக்கைகூட வைக்கலீங்கய்யா. இதைவிட அலட்சியம் வேணுங்களா?" என்று பொங்கினார் அவளுடைய வக்கீல் ஜெபமணி.

நீதிபதி நாற்காலியில் இருந்த நீதிப்பொறி நிதானமாக விளக்கியது. அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் காட்டும் அக்கறையைக் காட்டத் தவறினால்தான் அலட்சியம். தோண்டன் பூமியின் பழைய சாலைப் படங்களை ஆராய்ந்து பார்த்திருந்தது. குழி தோண்டும் மனிதர்கள் அதை மூடுவதில்லை. ஒரு மரக்கிளையை நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தோண்டனும் அதேபோல் பண்ணையிலிருந்து முருங்கைக் கிளையை வெட்டி வந்து நட்டது. கிளையைக் கண்டால் நடைச்சில்லு கால்களை ஒதுக்கிவிடும்.

"அப்ப அந்தக் கிளை எங்கே போச்சாம்?" என்றார் ஜெபமணி.

பொறி கண்காணிப்புப் படத்தை ஓட்டியது. கீரைக்குப் பஞ்சமான ஊர். குமிழே திரண்டு வந்து இலையை உருவியிருந்தது. ஜெபமணியின் பங்கு இரண்டு கைப்பிடி. மொட்டையாக நின்ற கிளையைப் பிடுங்கிக்கொண்டு போனது மரகதவல்லி.

"வீட்டுல நட்டா துளிர்க்குமேன்னுதாங்க..." என்று அழுதாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

கிளை இருக்கிறதா என்று திரும்ப வந்து பார்க்காதது தோண்டனின் அலட்சியம். கிளையைப் பிடுங்கியது மரகதவல்லியின் அலட்சியம். ஆளுக்குப் பாதி. எனவே பாதிக் கால், அதாவது முழங்காலுக்குக் கீழே மட்டும், வழங்க உத்தரவாயிற்று.

"மேல் பாதி இல்லாம இதை எங்கேங்க மாட்டறது?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"அது மருத்துவத் துறையைக் கேட்க வேண்டிய கேள்வி," என்ற பொறி, இனி முள்கிளைதான் நட வேண்டும் என்றும் தீர்ப்பில் சேர்த்தது.

மறுவாரமே குமிழ் மொத்தமும் மனுவோடு வந்து நின்றது. முள் கையைக் கிழிக்கிறது, முருங்கையே வேண்டும். சக்கர நாற்காலியில் முன்னால் இருந்தவள் மரகதவல்லி.

பொறி மனுவை இரண்டுமுறை படித்தது. "குழியை மூடச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லையே?"

"மூடிட்டா கிளையை எங்கேங்க நடுவாங்க?" என்றாள் மரகதவல்லி.