என் செல்களுக்கு விழுந்த திட்டு

காலைச் சாப்பாட்டைப் பைக்குள் ஒளித்தேன். மதியச் சாப்பாட்டையும் ஒளித்தேன். "சாப்பிட்டாச்சு" என்று அம்மாவிடம் புளுகினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். வீட்டில் அவனை வாலு என்றுதான் கூப்பிடுவோம். என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். "அக்கான்னா இப்படி இருக்கணும்!" என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது? வாலுவுக்கு உடம்பெல்லாம் சிவந்து தோல் உரிகிறது. வாய் முழுக்கப் புண். என் மஜ்ஜையோடு போன நோய் எதிர்ப்புச் செல்கள், அவன் உடம்பை வேற்று உடம்பு என்று நினைத்துத் தாக்குகின்றனவாம். நல்லா இருக்கு கதை! உதவி செய்யப் போய் உபத்திரவம்.

ஆஸ்பத்திரியில் அவன் அறைக்குள் நான் போகக் கூடாது; கிருமி தொற்றிவிடுமாம். கண்ணாடிக்கு வெளியே நின்று போனில்தான் பேச வேண்டும். அவன் போனை எடுக்கவே இல்லை. மாத்திரையைத் துப்பிவிட்டு, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான்.

எனக்குத் தலை சுற்றியது. நர்ஸ் அக்கா பிடித்து உட்கார வைத்தார்.

"எப்போ சாப்பிட்டே?"

"சாப்பிடலை. நான் பட்டினி கிடந்தா என் செல்லும் சோர்ந்து போயிடும்ல?"

"அட மக்கு! அதெல்லாம் இப்போ அவன் உடம்புல வளருது. நீ பட்டினி கிடந்தா நீதான் சுருண்டு விழுவே. அதுங்களை அடக்குறது அந்த மாத்திரைதான்."

"அப்போ நிறைய மாத்திரை கொடுத்து எல்லாத்தையும் துரத்திடுங்க!"

"துரத்திட்டா, ஒளிஞ்சிருக்கிற புற்றுச் செல்லை யாரு அடிப்பா? இதையேதான் காலையில அவன்கிட்டயும் சொன்னேன்."

நான் கண்ணாடியைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வாலு போனை எடுத்தான்.

"உன் செல் என்னைக் கடிக்குது. போ!"

"தெரியும்டா. எனக்கும் அதுங்க மேல கோவம்தான். போனை நெஞ்சுல வை, திட்டுறேன்."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு வைத்தான்.

"ஏய், தடிமாடுங்களா! அவன் என் தம்பி! கண்ணு தெரியலையா உங்களுக்கு?" கத்தும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன் அவன் காதுக்குத் திரும்பியது. "கேக்குமா?"

"திட்டு மட்டும் போதாதுடா. மாத்திரையும் உள்ள போகணும்."

நர்ஸ் அக்கா உள்ளே போய் வேறு மாத்திரை கொடுத்தார். அவன் விழுங்கினான். வலியில் கண்ணீர் வழிந்தது. நாளைக்கும் இப்படித்தான் வலிக்கும். நான் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அக்கா" என்றான் கரகரத்த குரலில். "ரொம்பத் திட்டாதே. கோவிச்சுக்கிட்டு எல்லாம் போயிடப் போகுது. கெட்டதை அடிக்கக் கொஞ்சம் இருக்கட்டும்."

நான் பையைத் திறந்தேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அவன் பார்க்கும்படி கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து, ஒட்ட வழித்துச் சாப்பிட்டேன்.