88-ஆம் உறுப்பினர் ஓட்டுப் போட்டார்

ஐந்தரைக்கு எழுந்தான் எழிலன். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்தான். பால் பொங்கியது. அடுப்பைத் துடைத்தான். நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டான்.

எட்டு மாதமாக இதே வரிசைதான்.

ஆறு மணிக்கு செல்போன் அலறியது.

துரைக்கண்ணு. செஞ்சி நெல் மண்டியில் முப்பது வருடமாக மூட்டை தூக்குகிறவர்.

"தம்பி, மண்டி சுவத்துல லிஸ்ட்டு ஒட்டிக்கிறானுங்க. யார் யார் ஓட்டு போட்டாங்கன்னு."

"சரிண்ணே."

"எண்பத்தெட்டாம் நம்பர்... உன் சம்சாரம். ஓட்டு போட்டுருக்குது."

"மணிமொழியா?"

"ஆமா."

எழிலன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அண்ணே, அவளச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனதே நீங்கதானே."

"அதான் தம்பி எனக்கும் டவுட்டு. நல்லா எறக்கி வெச்சதாதான் ஞாபகம்."

விஷயம் இதுதான்.

செஞ்சி மண்டி சுமைதூக்குவோர் சங்கத்தில் இருநூற்று நாற்பது பேர். மூட்டை தூக்குகிற ஆண்கள், சாக்கு தைக்கிற பெண்கள், எடைச்சீட்டு எழுதும் எழிலன். செயலாளர் கோதண்டராமன். சங்கத்தை விழுப்புரத்துப் பெரிய சங்கத்தோடு இணைக்கத் துடிக்கிறார். இணைந்தால் அவருக்கு மாவட்டத் துணைத்தலைவர் நாற்காலி. மற்றவர்களுக்கு? செஞ்சி மூட்டையை யார் தூக்குவது என்று விழுப்புரம் சொல்லும்!

உறுப்பினர்களில் பாதிப்பேராவது ஓட்டுப் போட வேண்டும். போட்டதில் நூற்றுக்கு அறுபது ஆதரவு வேண்டும். நூற்று முப்பத்தோரு பேர் போட்டதாகக் கணக்கு காட்டியிருந்தார் கோதண்டராமன். இன்று பன்னிரண்டு மணிக்கு விழுப்புரத்தில் பதிவாளர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

எழிலன் ஆட்சேப மனுவை எழுதி முடித்தபோது மறுபடி போன். தெரியாத எண். தெரியாத குரல்.

"விழுப்புரம் கெளம்புறியாமே? இன்னாத்துக்குத் தம்பி உனக்கு இந்த வேல? வீட்ல பொண்டாட்டி இருக்கா. அவள நெனச்சிப் பாரு..."

"அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றான் எழிலன். வைத்துவிட்டான்.

சட்டைப் பையில் மனுவை மடித்தபோதுதான் உறைத்தது.

மிரட்டுகிறவனுக்கே தெரியவில்லை... அவள் இல்லை என்று!

பதினொன்றேகால். எழிலனும் துரைக்கண்ணுவும் எதிரே நிற்க, பதிவாளர் எலிசபெத் மனுவைப் படித்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இறந்தவங்க எப்படிங்க ஓட்டுப் போட்டாங்க?"

கோதண்டராமன் சிரித்தார். வெள்ளைச் சட்டை. மண்டிப் பக்கம் எட்டிப் பார்த்தே இரண்டு வருடம் ஆன வெள்ளை.

"சின்ன மிஸ்டேக் மேடம். வந்தவங்க யாரோ வரிச மாத்தி கைநாட்டு வெச்சிருப்பாங்க. ஒண்ணக் கழிச்சிக்கங்க. நூத்தி முப்பது. அப்பவும் பாதிக்கு மேலதான்."

"இறந்தவங்க பேரு பட்டியல்ல எதுக்கு இருக்கு?"

"அத இந்தத் தம்பியக் கேளுங்க. போன மாசம் வரைக்கும் சந்தா வந்துருக்குது. இவரு போன்லேர்ந்து. மனு வந்ததும் கணக்க எடுத்துப் பாத்தேன்."

எலிசபெத் திரும்பினார். "ஏன் கட்டுனீங்க?"

எழிலன் பையிலிருந்த போனைத் தொட்டான். கையை எடுத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா மேடம். தப்பு இவருது, பழி எம்மேல. இதான் படிச்ச புள்ளைங்க பொழப்பு."

கடிகாரத்தில் பதினொன்றரை.

"மேடம், ஓட்டுப் பதிவேட்டப் பாக்கலாமா?" என்றான் எழிலன்.

எலிசபெத் அவன் பக்கம் தள்ளினார்.

செஞ்சி சங்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. படித்தவனோ படிக்காதவனோ, ஓட்டுப் போட வந்தால் எல்லோரும் கைநாட்டுதான். கையெழுத்துத் தெரியாதவன் கூசக்கூடாது என்று ஆரம்பித்தவர்கள் வைத்த விதி.

எண் எண்பத்தெட்டு. மணிமொழி. எதிரே ஒரு கட்டைவிரல் ரேகை. வளைவு வளைவாக... ஒரு கோடு கூடக் கலையாமல்... அழகாக!

அவள் கட்டைவிரலை மூன்று வருடம் பிடித்துக்கொண்டு தூங்கியவன் அவன். சாக்கு தைக்கையில் கோணி ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல். அதில் ரேகையே கிடையாது.

"அண்ணே, உங்க கட்டைவிரல இதுல வைங்க."

துரைக்கண்ணு மையில் தோய்த்து வெள்ளைத் தாளில் அழுத்தினார்.

கறுப்பாக ஒரு திட்டு. அவ்வளவுதான்.

எலிசபெத் தாளைத் தூக்கிப் பார்த்தார். "ரேகை எங்கங்க?"

"மூட்டையோட போச்சு மேடம். ரேஷன் கட மெஷினே என்ன மனுசன்னு ஒத்துக்க மாட்டேங்குது. மண்டியில எவன் விரல வேணா பாருங்க. ஆம்பள பொம்பள, எல்லாம் இதே கதிதான்."

எலிசபெத் பதிவேட்டைப் புரட்டினார். திட்டு. திட்டு. பிறகு ஒரு பளிச் ரேகை. அடுத்தும் பளிச். அதற்கடுத்தும்...

லென்ஸை எடுத்தார். எண்ணினார்.

"அறுபத்தோரு ரேகை தெளிவா இருக்கு. எல்லாத்துலயும் குறுக்க ஒரே வெட்டுக் காயம்."

கோதண்டராமனின் வலது கை மெல்ல பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது.

"சார், உங்க விரலக் காட்டுங்க."

"எதுக்கு மேடம்? நான் செயலாளரு..."

"மூட்டை தூக்குறவங்க சங்கத்துக்குத்தானே?"

"அவரு ஃபைலுதான் மேடம் தூக்குவாரு," என்றார் துரைக்கண்ணு. "அதுக்கும் ஆளு வெச்சிக்கிறாரு."

கை வெளியே வரவில்லை.

எலிசபெத் பேனாவை மூடினார். "நூத்தி முப்பத்தொண்ணுல அறுபத்தொண்ணு போனா எழுபது. பாதி கூட வரல. இணைப்பப் பதிவு பண்ண முடியாது. அது யார் விரல்னு போலீஸ் பாக்கட்டும். பாக்கெட்டுலயே வெச்சிருங்க, பத்திரமா இருக்கும்."

வெளியே செஞ்சி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள்.

"ஜெயிச்சிட்டோம் தம்பி. ஆனா ஒண்ணு புரியல. எட்டு மாசம் சந்தா ஏன் கட்டுன?"

எழிலன் டிக்கெட்டை மடித்தான். பிரித்தான்.

சங்கத்திலிருந்து மாதாமாதம் அவன் போனுக்கு அவள் பெயரில் மெசேஜ் வரும். சந்தா பாக்கி என்று. 'அவள் இல்லை' என்று இரண்டே வார்த்தை பதில் அடித்தால் பெயரை நீக்கிவிடுவார்கள். அடிக்க ஆரம்பிப்பான். விரல் நகராது. பணத்தை அனுப்பிவிடுவான்.

எப்படி அடிப்பான்? ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ச்சல் நூற்று நான்கில், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாளே. அதற்கப்புறம் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அந்தக் கோதண்டராமன் சந்தா கேட்டா, நான் செத்துட்டேன்னு சொல்லிடுய்யா."