கிடாத் தலை ஜாடிகள்

தொண்ணூற்றேழு ஜூலையில் ரமாவும் அவள் கணவர் சிவசங்கரனும் காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவுக்குக் குடிவந்தார்கள். ஹாலிலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போகும் வாசலின் இருபுறமும் இடுப்பு உயரத்தில் இரண்டு பீங்கான் ஜாடிகள் நின்றன. ஐரோப்பிய வேலைப்பாடு, நீல உடம்பு, பொன் விளிம்பு. கைப்பிடிகளாகச் சுருண்ட கொம்புள்ள கிடாத் தலைகள் நிமிர்ந்து நின்றன.

"வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிருக்கார். ஜோரா இருக்கில்ல?" என்றார் சிவசங்கரன்.

ரமாவுக்கு நனைந்த ஆட்டு ரோமத்தின் வாடை அடித்தது.

நான்கைந்து நாளில் வீட்டு வேலை செய்யும் எல்லம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "அந்த வாசல்ல பெருக்கசொல்ல என் தொடைல என்னமோ மூச்சு உடுதும்மா. நான் இனிமே வரல."

அவள் போனதும் ரமா ஜாடிகளைப் பார்த்தாள். இரண்டும் வாசலை நெருங்கியிருந்தன. தலைகள் குனிந்திருந்தன, முட்டப்போகும் கிடாக்களைப் போல.

அன்று மாலை அடைமழை. கரண்ட் போனது. மெழுகுவத்தி எடுக்க சிவசங்கரன் அந்த வாசலைத் தாண்டினார்.

தரையில் பீங்கான் உரசியது.

பிறகு, ஒரே மோதல்.

ரமா ஓடினாள். இரண்டு ஜாடிகளுக்கும் நடுவே அவர் நசுங்கி நின்றார்.

"எடு..." என்று முனகினார். "மூச்சு விட முடியல."

தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. பீங்கான் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே ஏதோ துடித்தது.

சமையலறையிலிருந்து அம்மிக்குழவியைத் தூக்கிவந்து, ஒரு ஜாடியை ஓங்கி அடித்தாள். அது நொறுங்கியது. அவர் சரிந்து விழுந்தார்.

அவரை வெளியே இழுத்துக்கொண்டே ரமா திரும்பிப் பார்த்தாள். மிஞ்சிய ஜாடி அவள் பக்கம் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் இடுப்பின் இருபுறமும் சுருள் சுருளாகக் கன்றியிருந்தது. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். இருட்டில் விழுந்துவிட்டதாக ரமா சொன்னாள். பங்களாவுக்கு இருவரும் திரும்பவில்லை.

ஜெயநகரில் மூன்றாவது மாடி ஃபிளாட். அவர் தேறி வேலைக்குப் போகத் தொடங்கிய ஒரு மதியம், ரமா படுக்கையறைச் சுவரில் சாய்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இடுப்பருகே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு முட்டு.

அந்தப் பக்கம் வீடு இல்லை. பால்கனியும் இல்லை. மூன்று மாடி உயரத்து வெறும் காற்று.

ஏதோ உரசிக்கொண்டே பின்வாங்கியது.

அடுத்த முட்டில் சுண்ணாம்பு பெயர்ந்து அவள் மடியில் விழுந்தது.